டெமோ ரூம்ல எல்லா செட்டும் நல்லாத்தான் கேக்குது, எதை வாங்குறது?

கேள்வி: அண்ணே வணக்கம். பாபநாசம் பக்கத்துல கிராமம். அப்பா நடத்துன மைக் செட்டை இப்ப நான் பாத்துக்கறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம், பட்டிமன்றம், எப்பவாச்சும் கட்சி கூட்டம், இதுதான் ஆர்டர். 2028ல கும்பகோணம் மகாமகம் வருது, அதுக்குள்ள செட்டை பெருசு பண்ணிடலாம்னு ஆசை. வெளியூர்ல ஒரு பார்ட்டி பழைய லைன் அரே, அதான் ஒண்ணு கீழ ஒண்ணா அடுக்கித் தொங்க விடற பாக்ஸ் செட்டு, தர்றேங்கறாங்க, சைடுக்கு 4 பாக்ஸ், இரட்டை 18 இன்ச் பேஸ் 4, ஆம்ப் ரேக், 32 சேனல் டிஜிட்டல் மிக்ஸர். மொத்தம் 12000 வாட்ஸ்னு எழுதியிருக்கு. டெமோ ரூம்ல போட்டுக் காட்டுனாங்க, நெஞ்சு அதிருது. ஆனா பக்கத்து ரூம்ல இருந்த வேற ரெண்டு செட்டும் நல்லாத்தான் இருந்துச்சு. கேட்டுப் பாத்து எது நல்லதுன்னு எப்படி அண்ணே முடிவு பண்றது?

பதில்: தம்பி, கடைசியா கேட்டீங்க பாருங்க, அதுதான் சரியான கேள்வி. நிறைய பேரு அதைக் கேக்காமலே லட்சக்கணக்குல பணத்தைக் கட்டிட்டு வந்துடறாங்க, அப்புறம் முதல் கல்யாணத்துலயே பேச்சு புரியலைன்னு பொண்ணு வீட்டுக்காரங்க வந்து நிக்கறாங்க.

டெமோ ரூம்ல ஏன் எல்லாமே நல்லா கேக்குதுன்னா, அது நாலு பக்கமும் சுவர் இருக்குற ரூம், பேஸ் வெளிய போக வழியில்லாம திரும்பத் திரும்ப வந்து நெஞ்சுல இடிக்கும். போடறது ஸ்டுடியோவுல நல்லா சமன் பண்ணி முடிச்ச பாட்டு. கரண்ட் நிலையா வருது, ஏசி ஓடுது, பத்து நிமிஷத்துல டெமோ முடிஞ்சிடுது. உங்க வேலை அப்படியா இருக்கு? நாலு பக்கமும் தண்ணி நிக்கிற வயல், நடுவுல திடல், அதுல மூங்கில் கால் நட்டுப் போட்ட பந்தல். மைக்ல பேசறது வயசான ஓதுவார், இல்லைன்னா மைக்கை விட்டு ரெண்டு அடி தள்ளி நின்னு பேசற ஊர்ப் பெரியவர். கரண்ட் 180 வோல்ட்டுக்கு எறங்கும், அப்புறம் ஜெனரேட்டர். காலையில 6 மணிக்கு ஆரம்பிச்சா மதியம் பந்தி முடியற வரைக்கும் செட்டு ஓடணும். அதனால நான் சொல்றது ஒண்ணுதான், அவங்க ரூம்ல கேட்டதை கணக்குலயே எடுத்துக்காதீங்க, உங்க திடல்ல, உங்க மைக்ல, உங்க கரண்ட்ல கேளுங்க. ஒருநாள் வாடகை கொடுத்து வண்டியில ஏத்திட்டு வாங்க, வாடகைப் பணம் போனாலும் பரவாயில்ல. வாடகை கொடுக்கறேன்னு சொல்லியும் வெளிய தரமாட்டேன்னு சொன்னா அந்த செட்டை அங்கயே விட்டுட்டு வந்துடுங்க.

வாட்ஸ் விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். 12000ன்னு பெருசா எழுதியிருந்தா அது பெரும்பாலும் பீக் கணக்கு. தொடர்ந்து தாங்குறது அதுல நாலுல ஒரு பங்கு, அதாவது 3000, நடுவுல புரோகிராம்னு 6000 ஒண்ணு எழுதுவாங்க. மூணும் ஒரே பாக்ஸ்தான். சரி 3000 வாட்ஸே இருக்கட்டும், வாட்ஸை ரெண்டு மடங்கு ஆக்குனா சத்தம் ஏறுறது 3 டெசிபல்தான், காதுக்கு கொஞ்சம் கூடுனாப்புல இருக்கும் அவ்வளவுதான், ரெண்டு மடங்கு சத்தமா கேக்கணும்னா 10 டெசிபல் வேணும், அதுக்கு வாட்ஸ் பத்து மடங்கு வேணும். அதனால கம்பெனி தர்ற விவர ஷீட்ல வாட்ஸைப் பாக்காம சென்சிட்டிவிட்டியைப் பாருங்க, 1 வாட் கொடுத்தா 1 மீட்டர்ல எவ்வளவு டெசிபல்னு. 95 போட்ட பாக்ஸும் 98 போட்ட பாக்ஸும் இருந்தா, ரெண்டாவதுக்கு பாதி ஆம்ப் போதும். அப்புறம் தூரம். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கு ஆனா 6 டெசிபல் போயிடும், பாக்ஸ் கிட்ட 1 மீட்டர்ல 130 வந்தா 32 மீட்டர்ல 100தான், அதுவும் காத்து அடிக்காம இருந்தா.

ஷீட்ல சொல்லாத இன்னொண்ணு இருக்கு, பழைய செட்டு வாங்கறவங்க இதை கட்டாயம் பாக்கணும். ஸ்பீக்கருக்குள்ள இருக்குற வாய்ஸ் காயில், அதாவது கம்பிச் சுருள், சூடாச்சுன்னா அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும், செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும், 200 டிகிரி சூடானா கிட்டத்தட்ட 1.8 மடங்கு. ஆம்ப்ல அதே வால்யூம் வெச்சிருந்தாலும் பாக்ஸ்ல வர்ற சத்தம் குறைஞ்சுகிட்டே வரும், நம்ம ஆளு என்ன பண்ணுவான், குறையுதேன்னு இன்னும் ஏத்துவான், காயில் கருகிடும். நல்ல கம்பெனி ட்ரைவர்ல, அதாவது பாக்ஸுக்குள்ள மாட்டியிருக்குற ஸ்பீக்கர்ல, சூட்டை வெளிய தள்ள காந்தத்துலயே வழி பண்ணியிருப்பாங்க, காப்பி அடிச்ச ட்ரைவர்ல அது இருக்காது, பாக்க ரெண்டும் ஒண்ணாவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க சிம்பிளான வழி, போன்ல பிங்க் நாய்ஸ், அதான் எல்லா சுருதியும் கலந்த ஒரு இரைச்சல், போட்டு, 10 மீட்டர்ல டெசிபல் மீட்டர் வெச்சு ஒரு நம்பர் எழுதிக்குங்க. மீட்டர் இல்லைன்னா போன் ஆப்பே போதும், ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடத்தானே. அப்புறம் ஒரு மணி நேரம் விசேஷத்துல ஓடற அளவு சத்தத்துல பாட்டு ஓட விடுங்க, மதியம் வெயில்லயே ஓடட்டும். ஓடி முடிஞ்ச உடனே, ஆற விடாம, அதே நாய்ஸ், அதே வால்யூம், அதே இடம். ஒண்ணு ஒன்றரை டெசிபல் குறைஞ்சா சகஜம். 3, 4 டெசிபல் குறைஞ்சா அந்த பாக்ஸ் உங்க கல்யாண ஆர்டரைத் தாங்காது, சூட்டுல அதோட சத்தம் பாதி வாட்ஸ் கொடுத்த அளவுக்கு எறங்கிடுச்சுன்னு அர்த்தம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், பேச்சு. உங்க ஆர்டர்ல பாதிக்கு மேல பேச்சுதான், மகாமகத்துக்கு போனீங்கன்னா முழுக்க பேச்சுதான், குழந்தை காணோம், இந்தத் தெரு வழியா போகாதீங்க, பஸ் எங்க நிக்குது, இதைத்தான் நாள் பூரா சொல்லணும். அதனால திடல்ல செட்டு போட்டதும் பாட்டு போடாதீங்க. நீங்க தினமும் கேக்கற குரல், தம்பியோ மாமாவோ, ஒருத்தரை மைக்ல நிறுத்துங்க, பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைக்கற ஈக்யூ எல்லாம் பிளாட்டா, எதையும் ஏத்தாம எறக்காம வெச்சுட்டு, எக்கோவை சுத்தமா நிறுத்திட்டு. அவரோட நெஜக் குரல் உங்களுக்குத் தெரியும், பாக்ஸ்ல வர்றது அதுதானா, இல்ல மூக்கடைச்ச மாதிரியோ பானைக்குள்ள பேசற மாதிரியோ இருக்கான்னு ஒரு நிமிஷத்துல காது சொல்லிடும். மைக்கும் நீங்க நல்லா பழகுன மைக்கா இருக்கணும், ஷூர் கம்பெனி எஸ்எம்58 இருந்தா போதும், ஆனா ஒரிஜினலான்னு உறுதியா தெரிஞ்ச ஒண்ணு, அந்த மாடல்ல போலி ரொம்ப ஓடுது.

அப்புறம் மொய் டெஸ்ட். நான் எந்த செட்டை எடுத்தாலும் இதைப் பண்ணாம முடிவு சொல்றதில்ல. ஒரு பழைய மொய் நோட்டை எடுத்து ஒருத்தரை வாசிக்கச் சொல்லுங்க, பேரு, ஊரு, தொகை. கடைசி வரிசை வர்ற இடத்துல, 30 மீட்டர் தள்ளி, அந்த நோட்டைப் பாக்காத ஒரு ஆளை உக்கார வெச்சு காதுல விழறதை எழுதச் சொல்லுங்க. ஆவூர், ஆலங்குடி, திருநல்லூர், திருவலஞ்சுழி, திருப்பாலைத்துறை, பண்டாரவாடை, இப்படி கலந்து கட்டி வாசிக்கணும், தொகையில ஐயாயிரம், ஆறாயிரம், ஐநூத்தி ஒண்ணு, ஆயிரத்தி ஒண்ணு மாத்தி மாத்தி வரணும். அம்பது வரி வாசிச்சு எழுதுனதை நோட்டோட ஒத்துப் பாருங்க. பேச்சு புரியறது மெய்யெழுத்துலதான் இருக்கு, அதுவும் 2000லேருந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்குற பகுதியில, க, த, ப, ச எல்லாம் அங்கதான் பிரியும். டெமோல நெஞ்சு அதிர்ந்த செட்டுல இந்தப் பகுதி அடங்கிப் போயி பேஸ் மேல ஏறி உக்காந்திருக்கும், அதுல ஆறாயிரமும் ஆயிரமும் ஒண்ணாத்தான் கேக்கும். ரெண்டு செட்டை ஒப்பிடறீங்கன்னா தப்பு எதுல கம்மின்னு பாருங்க, இதைவிட நேர்மையான டெஸ்ட் எனக்குத் தெரியல.

ஒப்பிடும்போது ஒரு விஷயத்துல கவனமா இருங்க. ரெண்டுல எது ஒரு டெசிபல் சத்தமா இருக்கோ அதுதான் நல்லா இருக்குன்னு மனசு சொல்லும், எல்லாருக்கும் அப்படித்தான், பழகுன காதுக்கும் அப்படித்தான். விக்கறவங்களுக்கு இது நல்லாத் தெரியும், விக்க நினைக்கற செட்டை ஒரு துளி ஏத்தி வெப்பாங்க. அதனால மீட்டர் வெச்சு ரெண்டையும் ஒரே அளவுக்கு, அரை டெசிபலுக்குள்ள, கொண்டு வந்துட்டு அப்புறம் கேளுங்க. உங்ககிட்ட வேலை பாக்கற பையனை மாத்தி மாத்தி போடச் சொல்லிட்டு நீங்க முதுகைக் காட்டி உக்காருங்க, எது ஓடுதுன்னு தெரியாம கேக்கணும். காலையில பண்ணுங்க, வண்டி ஓட்டிட்டு வந்த காதோட பண்ணாதீங்க.

அடுத்தது நாயனமும் தவிலும். நம்ம பக்கம் இது ரெண்டையும் தாங்காத செட்டு எதுக்கு? மேளக்காரரை ஒரு மணி நேரம் கூப்பிட்டு உரிய பணத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்க, ரெக்கார்டிங் போட்டுப் பாத்துட்டு விட்டுடாதீங்க, ரெக்கார்டிங்ல ஏற்கெனவே அடக்கி வெச்சிருப்பாங்க. நரசிங்கம்பேட்டை பாரி நாயனம் ஒண்ணு முழு மூச்சுல மேல் ஸ்தாயிக்கு போகும்போது மேல் சுருதிக்குன்னு இருக்குற ஹெச்எஃப் ட்ரைவரோட டயாஃப்ரம், அதாவது அதிர்ற மெல்லிய தகடு, நல்லதா இல்லையான்னு தெரிஞ்சிடும். நல்ல ட்ரைவர்ல சத்தம் ஏறும் ஆனா குத்தாது, மட்டமானதுல இல்ல டயாஃப்ரம் மாத்துனதுல தகடு கிழியற சத்தம் ஒண்ணு கூடவே வரும், காதை மூடத் தோணும். ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது அந்தக் கிழிசல் இன்னும் தெளிவாத் தெரியும். தவில்ல வலந்தலை, கூடு போட்ட விரல் அடி, ரொம்ப சின்ன நேரத்துல பெரிய சத்தம். மிக்ஸர்ல கெயினை, அதாவது மைக் சத்தம் உள்ள வர்ற அளவை, அவர் மெதுவா வாசிக்கும்போது வெச்சுட்டீங்கன்னா தீர்மானம் வாசிக்கும்போது சிவப்பு விளக்கு எரியும், அதனால உச்சத்துல வாசிக்கச் சொல்லி கெயின் வெச்சு, அப்ப சத்தம் எல்லை தாண்டாம அடக்கற லிமிட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு கேளுங்க. லிமிட்டர் சரியில்லாத செட்டுல ஒவ்வொரு அடிக்கும் நாயனம் உள்ள போயி வெளிய வரும். தொப்பிப் பக்கம் கழியால அடிக்கறது வயித்துல கேக்கணும், ஆனா அடிச்ச உடனே நிக்கணும், இழுத்துக்கிட்டே இருந்தா பேஸ் பாக்ஸ் செஞ்சதுல கோளாறு.

அப்புறம் மைக் கூவுறது. பட்டிமன்றத்துல இதுதான் மானத்தை வாங்கும். மேடையில மைக்கை அது எப்பவும் நிக்கிற இடத்துல வெச்சு, மேடையில இருக்கறவங்களுக்கு கேக்கற மானிட்டர் பாக்ஸும் போட்டு, ஒரு சாண் தள்ளி நின்னு ஒருத்தரைப் பேசச் சொல்லி, கூவ ஆரம்பிக்கற வரைக்கும் ஏத்துங்க, அதுக்கு முந்தின புள்ளியில நிறுத்தி 20 மீட்டர்ல மீட்டர் என்ன காட்டுதுன்னு எழுதுங்க. எந்த செட்டு அதிகம் காட்டுதோ அதுதான் உங்களுக்கு உபயோகமான சத்தம் தர்ற செட்டு. திறந்த மைக் ரெண்டு மடங்கு ஆகறப்பல்லாம் 3 டெசிபல் இழப்பீங்க, நடுவரும் ரெண்டு அணியும் சேர்த்து 7 மைக் திறந்து கெடந்தா 8 டெசிபலுக்கு மேல போச்சு. அதனால பேசாத மைக்கை மூடற பழக்கம் பையனுக்கு இருக்கணும், மிக்ஸர்ல ம்யூட் பட்டன் இருட்டுல தடவுனாலே கைக்கு கிடைக்கணும்.

பழைய பாக்ஸ் வாங்கறது மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாத்து வாங்கற மாதிரிதான், வெளி பெயிண்ட்டைப் பாத்து வாங்கக் கூடாது. வலையைக் கழட்டச் சொல்லுங்க, ஒரு பாக்ஸ்லயாவது ட்ரைவரையும் கழட்டச் சொல்லுங்க, எந்த பாக்ஸ்ங்கறதை நீங்க சொல்லணும், அவங்க இல்ல. பேஸ் பாக்ஸ்ல காத்து வர்ற ஓட்டையில மூக்கை வெச்சு மோந்து பாருங்க, காயில் ஒருதரம் கருகியிருந்தா அந்த வார்னிஷ் வாடை போகவே போகாது. கோனை ரெண்டு கையாலயும் சமமா, மெதுவா உள்ள அமுக்குங்க, உரசல் தெரிஞ்சா வேண்டாம். மல்டிமீட்டர்ல ஒவ்வொரு ட்ரைவரையும் தனித்தனியா பாருங்க, 8 ஓம் ட்ரைவர்னா 5லேருந்து 7க்குள்ள காட்டும், அது முக்கியமில்ல, ஒரே மாதிரி இருக்குற எல்லாமும் ஒரே நம்பர் காட்டுதாங்கறதுதான் முக்கியம், ஒண்ணு மட்டும் விலகி நின்னா அது ரீகோன் பண்ணதா, அதாவது கோனையும் காயிலையும் மாத்துனதா, இருக்கலாம். 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாத்தா எல்லா கோனும் ஒரே பக்கம் நகரணும், ஒண்ணு வெளியவும் ஒண்ணு உள்ளயும் போனா பேஸ் ஒண்ணை ஒண்ணு தின்னுடும், நாலு பாக்ஸ் இருந்தும் ரெண்டு பாக்ஸ் சத்தம்கூட வராது. இந்த பேட்டரி வேலை கோன் ஸ்பீக்கருக்கு மட்டும், ஹெச்எஃப் ட்ரைவர்ல பண்ணாதீங்க. அப்புறம் 30லேருந்து 100 ஹெர்ட்ஸ் வரைக்கும் சைன் டோனை, அதாவது ஒரே சுருதியில வர்ற சத்தத்தை, குறைஞ்ச சத்தத்துல மெதுவா ஏத்திகிட்டே போங்க, எங்கயாவது கடகடன்னோ புஸ்ஸுன்னோ கேட்டா பலகையில விரிசல், இல்ல ஸ்க்ரூ லூஸ். நாகப்பட்டினம் வேளாங்கண்ணி பக்கம் ஓடுன செட்டா இருந்தா ஸ்பீக்கர் ஒயர் மாட்டற ஸ்பீக்கான் சாக்கெட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, உப்புக் காத்துல பச்சை பூத்திருக்கும்.

கரண்ட். தம்பி, இதை நிறுத்தி நிதானமா படிங்க. உங்க ஊர்ல சாயங்காலம் வோல்ட்டேஜ் என்ன வருதுன்னு ஒரு வாரம் எழுதி வெச்சுக்குங்க, முகூர்த்த நாள்லயும் மோட்டார் ஓடற சமயத்துலயும் தனியா எழுதுங்க. அப்புறம் வோல்ட்டேஜை ஏத்தி எறக்கற வேரியாக் ஒண்ணு வாடகைக்கு எடுத்து, பாட்டு ஓடும்போது 230லேருந்து கொஞ்சம் கொஞ்சமா எறக்குங்க, ஆம்ப் எந்த வோல்ட்ல நிக்குது, நிக்கறதுக்கு முன்னாடி உளறுதா, திரும்ப ஏத்துனா தானா வருதா, பாக்ஸ்ல டம்முனு அடிக்குதா. 100லேருந்து 240 வரைக்கும் எடுத்துக்கற எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை ஆம்ப்ல இருந்தா நிம்மதி, ஆனா குறைஞ்ச வோல்ட்ல அது ஆம்பியர் அதிகம் இழுக்கும், ஒயர் சன்னமா இருந்தா ஒயர் சூடாகும். டிஜிட்டல் மிக்ஸருக்கு இன்னொரு டெஸ்ட், ஓடிக்கிட்டு இருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிட்டு திரும்ப செருகுங்க, சத்தம் திரும்ப வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க, விட்ட இடத்துலேருந்து வருதா பழைய செட்டிங்கெல்லாம் போயிடுச்சான்னு பாருங்க. தாலி கட்டற நேரத்துல கரண்ட் மாறுனா அத்தனை நேரமும் மண்டபம் ஊமையா கெடக்கும். எந்த டிஜிட்டல் மிக்ஸர் வாங்குனாலும் ஒரு சின்ன யுபிஎஸ் கூடவே வாங்குங்க, அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீங்க.

எர்த் விஷயத்துல கெஞ்சிக் கேக்கறேன். ம்ம்ம்னு ஹம் வருதுன்னு மூணாவது பின்னை உடைக்கறது நம்ம பக்கம் சாதாரணமா நடக்குது. சேத்துல வெறுங்காலோட நின்னு இரும்பு மைக்கைப் பிடிச்சு பாடறாங்க, பச்சைப் பந்தல்ல மழைத் தண்ணி சொட்டுது, அங்க எர்த் இல்லாத ஆம்ப் ஒண்ணு லீக் ஆச்சுன்னா ஒரு உயிர் போயிடும். ஹம் வந்தா ஆடியோ ஒயர் நடுவுல மாட்டற டிஐ பாக்ஸ்ங்கற சின்னப் பெட்டியில கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைப் போடுங்க, மிக்ஸரும் ஆம்பும் ஒரே இடத்துலேருந்து கரண்ட் எடுக்கட்டும், கரண்ட் எர்த்தைத் தொடாதீங்க. போர்டுல கரண்ட் லீக் ஆனா தானா அணைக்கற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு போட்டு, ஒவ்வொரு விசேஷத்துக்கும் முன்னாடி டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. ஜெனரேட்டர்னா தனி எர்த் ராடு அடிங்க, நம்ம மண்ணு ஈரமண், சுலபமா இறங்கும். செட்டு வாங்கும்போது எல்லா பவர் கேபிளும் மூணு பின்னோட இருக்கான்னு எண்ணிப் பாருங்க, உடைச்ச பின் நிறைய இருந்தா அந்த செட்டை வெச்சிருந்தவரு மத்த விஷயத்தையும் எப்படிப் பாத்துக்கிட்டிருப்பாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

மிக்ஸர்ல மத்தபடி பாக்கறது எளிது, பொறுமைதான் வேணும். 32 சேனல்லயும் ஒவ்வொண்ணா மைக்கை மாட்டி கெயினை அடியிலேருந்து உச்சி வரைக்கும் திருப்பிக் கேளுங்க, கரகரன்னா குறிச்சுக்குங்க. சீன், அதாவது சேமிச்சு வெச்ச செட்டிங், மாத்தி, சத்தம் கூட்டிக் குறைக்கற ஃபேடர் எல்லாம் சொன்ன இடத்துக்கு போயி நிக்குதான்னு பாருங்க, நம்ம தூசிக்கு முதல்ல போறது ஃபேடர் மோட்டார்தான். மதிய வெயில்ல ஸ்க்ரீன் தெரியுதா. அப்பாவையும் கொண்டு போயி முன்னாடி நிறுத்துங்க, அவரு பழகுனது அனலாக், ஆனா அவரு காது உங்களைவிட பழசு, அவரு ஒரு மணி நேரத்துல ஒரு சேனலைத் திறந்து மூடி ஈக்யூ தொட முடியலைன்னா அவசரத்துக்கு உங்க பையனாலயும் முடியாது.

இப்ப அந்த செட்டைப் பத்தி. லைன் அரே உங்களுக்கு வேண்டாம்னு நினைக்கறேன், காரணத்தையும் சொல்லிடறேன். லைன் அரேங்கறது நீளத்துலதான் வேலை செய்யுது. ஒரு பாக்ஸ் 35 சென்டிமீட்டர்னு வெச்சா 4 பாக்ஸ் 1.4 மீட்டர், நம்ம சூட்டுல சத்தத்தோட வேகம் நொடிக்கு சுமார் 349 மீட்டர், கணக்கு போட்டா கிட்டத்தட்ட 250 ஹெர்ட்ஸுக்கு கீழ அந்த நாலு பாக்ஸ் ஒண்ணும் கட்டுப்படுத்தாது, ஆம்பளைக் குரலோட கீழ்ப்பாதி எல்லா பக்கமும் கொட்டும், மேடைக்குள்ளயும்தான். அப்புறம் அதை உயரத்துல தொங்க விட்டாத்தான் முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் சமமா போகும், உங்க பந்தல் மூங்கில்ல அதைத் தொங்க விடவே கூடாது, எடை தாங்காது, அதைத் தாங்கற ட்ரஸ் சட்டமும் தூக்கற செயின் ஹாய்ஸ்ட்டும் வாங்கணும், அது தனிச் செலவு. பேஸ் பாக்ஸ் மேல அடுக்கி வெச்சா முன்னாடி உக்காந்த குழந்தைங்க காதுதான் வலிக்கும். 300, 400 பேர் உக்கார்ற விசேஷத்துக்கு சைடுக்கு ஒண்ணோ ரெண்டோ நல்ல 12 இல்ல 15 இன்ச் பாயிண்ட் சோர்ஸ் பாக்ஸ், அதான் தனியா நிக்கற சாதாரண பாக்ஸ், ஸ்டாண்டை நல்லா உயர்த்தி தலைக்கு மேல போற மாதிரி, அதோட ரெண்டு பேஸ். மிச்சக் காசுல சின்ன பாக்ஸ் நாலு வாங்கி பின்னாடி வெச்சு டிலே போடுங்க, அதாவது அதுல சத்தத்தைக் கொஞ்சம் தாமதமா விடுங்க. 30 மீட்டர் பின்னாடி வெச்சா 86 மில்லி செகண்ட், அதுமேல ஒரு 10 மில்லி செகண்ட் கூட்டுனா சத்தம் மேடையிலேருந்தே வர்ற மாதிரி இருக்கும், பக்கத்துல பாக்ஸ் இருக்கறதே தெரியாது. மகாமகக் குளத்தைச் சுத்தி நாலு தெருவுக்கும் இந்த முறைதான் சரிப்படும், பெரிய பாக்ஸ் ஒண்ணை ஒரு மூலையில வெச்சா கட்டடத்துல பட்டு எதிரொலிச்சு ஒரு வார்த்தையும் புரியாது. பழைய கூம்புக் குழாயை எடுத்து மாட்டலாம்னு மட்டும் நினைக்காதீங்க, தமிழ்நாட்டுல அதுக்குத் தடை இருக்கு.

நாலு இரட்டை 18 பேஸ் எதுக்குன்னும் யோசிங்க. ராத்திரியில நம்ம சமவெளியில சத்தம் எவ்வளவு தூரம் போகும்னு உங்களுக்குத் தெரியும், தரையும் வயலும் குளிர்ந்து கீழ குளிர்க்காத்து மேல வெதுவெதுப்பான காத்துன்னு ஆயிடும், மேல போற சத்தம் வளைஞ்சு கீழயே திரும்பி வரும், ரெண்டு ஊரு தள்ளி தூங்கற வீட்டு ஜன்னல்ல போயி இடிக்கும். 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10லேருந்து காலை 6 வரைக்கும் திறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாது, விசேஷ நாளுக்கு அரசு தளர்த்துனாலும் 12 மணி வரைக்கும்தான், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல கெடையாது. பொது இடத்து எல்லையில 75 டெசிபல், இல்ல அந்தப் பகுதிக்கு விதியில நிர்ணயிச்ச அளவைவிட 10 கூட, ரெண்டுல எது கம்மியோ அதுதான் அளவு. இதையும் சேர்த்துப் பாத்தா, இரட்டை 18 நாலை வெச்சுக்கிட்டு நீங்க அதை முழுசா ஓட்டப் போற நாள் ரொம்பக் கம்மி. பகல்ல டெமோ பாத்தீங்கன்னா சாயங்காலம் 8 மணிக்கு மறுபடி அதே வால்யூம்ல போட்டுட்டு வண்டியை எடுத்துக்கிட்டு அடுத்த ஊரு வரைக்கும் போயி கேட்டுட்டு வாங்க.

அந்த பார்ட்டிகிட்ட மிக்ஸரை மட்டும் தனியா தருவீங்களான்னு கேளுங்க, 32 சேனல்னா உங்களுக்கு ரொம்ப நாள் வரும், எல்லா அவுட்புட்லயும் டிலே இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. பாக்ஸுக்கு வேற ரெண்டு மூணு இடத்துல வாடகைக்கு எடுத்து மொய் டெஸ்ட் பண்ணிப் பாருங்க, அவசரமே இல்ல, மகாமகத்துக்கு நாள் கெடக்கு. அட்வான்ஸ் கொடுத்தா ரசீதுல சீரியல் நம்பர் எழுதி வாங்கிக்குங்க, மீதிப் பணம் ஒரு விசேஷம் ஓட்டுன பிறகுன்னு பேசுங்க. டெஸ்ட் பண்ண நம்பரையெல்லாம் எழுதி அனுப்புங்க தம்பி, ஒரு மணி நேரம் ஓடுன பிறகு எவ்வளவு குறைஞ்சுச்சுங்கறதை மறக்காம எழுதுங்க, பாத்துட்டு சொல்றேன்.